கழனி நடுவில் போன கப்பல்

எங்கள் கம்பெனி பஸ் ஒருநாளும் நேரத்துக்குக் கிளம்பியதில்லை. அதற்கு ஒரே ஓர் ஆள்தான் காரணம். ஷிப்ட் முடிந்து, எல்லோரும் கார்டு அடித்துவிட்டு ஏறி, ஜன்னலோரத்துக்கான சண்டைகூட முடிந்திருக்கும். அவர் மட்டும் இன்னும் உள்ளே சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்த ஷிப்டுக்கு வந்து நிற்பவரிடம் "வர்றேம்பா." ஸ்டோர் ஜன்னலில் தலையை நுழைத்து "வர்றேம்பா." கேன்டீனில் டம்ளர் கழுவும் அக்காவிடம் "வர்றேம்மா." கேட்டில் செக்யூரிட்டி இரண்டு பேர் இருந்தால் இருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் போனில் இருந்தால் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார்.

"யோவ், காலைல திரும்பி வரப்போற ஆளு, இன்னாய்யா இத்தினி சொல்லிக்கிற? பொண்ணு வூட்ல வழியனுப்புற மாதிரி! ஏறுய்யா!" என்று டிரைவர் ஹாரனை அழுத்துவார்.

"சொல்லாம எப்டிபா ஏறுறது?" என்று அவர் படியில் கால் வைப்பார். பின்சீட்டுப் பையன்கள், "வர்றேன் வண்ட்டாரு, வண்டிய எடு!" என்று கத்துவார்கள். அதுவே அவருடைய பெயராகிவிட்டது. உண்மைப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. வடக்குப்பட்டுப் பக்கம் அவருக்குச் சொந்தக்காரர்கள் அதிகம்.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து, பன்னிரண்டாவது முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்கு வந்தவன். அறையில் நான்கு பேர். யாரோடும் சட்டென்று பேச வராது. கேன்டீனில் இரண்டாவது தடவை சாம்பார் கேட்கவும் கூச்சம். அப்படிப்பட்டவனை அவருக்குப் பக்கத்து மெஷினில் போட்டார்கள். அவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அவர்களுடைய கழனி தொழிற்பேட்டைக்குப் போன பிறகு வேலைக்கு வந்தவர். மனைவி, இரண்டு பெண்கள், அம்மா. வீட்டில் சம்பளம் என்று வருவது அவருக்கு மட்டும்தான்.

'போறேன்' என்கிற சொல் அவர் வாயில் வராது. பாத்ரூம் போனால்கூட, "பாத்ரூம் வந்துர்றேம்பா" என்பார். லைனே சிரிக்கும். கிளம்புகிற யாரையும் "எங்க போறே?" என்று கேட்கமாட்டார். போகிற காரியம் கெட்டுவிடுமாம். "தூரமா?" என்றுதான் கேட்பார். லீவு எடுத்து ஊருக்குப் போகிறவனிடமும் "தூரமா?", பக்கத்துக் கடைக்கு டீ வாங்கப் போகிறவனிடமும் "தூரமா?"

ஒருமுறை எங்கள் லைனில் ஒருவருடைய அப்பா இறந்துபோனார். ஷிப்ட் முடிந்து எல்லோரும் வேனில் போனோம். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். அவருக்கும் தெரியும். வழியெல்லாம், "சொல்லக்கூடாது, சொல்லக்கூடாது" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, மொட்டையடித்து ஈர வேட்டியோடு நின்ற அந்தப் பையனின் கையைப் பிடித்து, "வர்றேம்பா" என்றுவிட்டார்.

பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர்தான் வாயைத் திறந்தார்.

"யோவ், இங்க இன்னாத்துக்குய்யா திரும்பி வர்றே? இன்னொருத்தன் சாவணுமா?"

வேனில் திரும்பி வரும்வரை அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். யாரும் கிண்டல் செய்யவில்லை. எங்களுக்கே கூசியது. மறுநாள் கேன்டீனுக்கும் வரவில்லை. மெஷின் பக்கத்திலேயே தண்ணீர் குடித்துவிட்டு நின்றார்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் கம்பெனிக்குப் புது கிரைண்டிங் மெஷின் ஒன்று வருவதாக இருந்தது. ஜெர்மனியில் இருந்த தாய்க் கம்பெனியில் செய்து அனுப்புகிறார்கள். வருவதற்கு முன் இரண்டு ஆபரேட்டர்கள் அங்கே போய் ஓட்டிப் பழக வேண்டும். எங்கள் லைனில் பாஸ்போர்ட் வைத்திருந்தது இரண்டே பேர். துபாய்க்குப் போக எடுத்து, போகாமல் விட்டது அவருடையது. சிங்கப்பூர் மாமா வற்புறுத்தியதால் எடுத்து, அவர் கூப்பிடாததால் பீரோவில் கிடந்தது என்னுடையது. திறமை பார்த்து அனுப்பினார்கள் என்று என் ஊரில் இன்றும் நம்புகிறார்கள்.

கிளம்புவதற்கு முன் மேனேஜர் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து வெளிநாடு போன பையன் திரும்பி வரவே இல்லை என்று அப்போது ஒரே பேச்சு.

"ஒருத்தன் அங்க தங்கிட்டாலும், இனி இந்தக் கம்பெனியில ஆபரேட்டர் எவனையும் வெளிநாடு அனுப்ப மாட்டாங்க. ஓட நெனச்சீங்கன்னு தெரிஞ்சா போதும், அன்னிக்கே வேலை போயிடும். புரியுதா?"

"வர்றேன் சார்" என்றார் அவர்.

"அதான், வரணும்னு சொல்றேன்."

"இல்ல சார், இப்போ வர்றேன்னு சொன்னேன். அப்பாலயும் வருவேன் சார்."

எங்களோடு கூட வந்த இன்ஜினியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விமானம் இறங்கியதும் எங்கள் இருவருடைய பாஸ்போர்ட்டையும் அவரே வாங்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

அங்கே எங்களுக்குப் பழக்கிக்கொடுத்த ஃபோர்மேன் உயரமான, அமைதியான ஆள். முதல் நாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் இவர் அவர் கையைப் பிடித்து, "ஐ கம்" என்றார். எனக்கும் அப்போது அதில் தப்பு தெரியவில்லை. வர்றேன் என்றால் ஐ கம் தானே? நாங்கள் அறைக்கு வந்து, அரிசி களைந்து, உலையும் வைத்துவிட்டோம். அங்கே அந்த மனிதர் கோட்டை மாட்டிக்கொண்டு, கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இருட்டும்வரை கதவோரம் இவருக்காகக் காத்திருந்திருக்கிறார்.

மறுநாள் விஷயம் தெரிந்து இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐ கம்னு சொல்லாதய்யா. பைன்னு சொல்லு. அவ்ளோதான்."

"பையா? கோணிப்பை மாதிரி கீது சார். அத்தப் போயி ஒரு மனுசனாண்ட சொல்றதா?"

கடைசிவரை 'ஐ கம்'தான். ஃபோர்மேனும் பழகிவிட்டார். சாயங்காலம் அவரே சிரித்துக்கொண்டு, "ஐ கம்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போவார்.

கம்பெனிக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கால்வாய். நம் ஊரில் கால்வாய் என்றால் தாண்டிவிடலாம். இது ஸ்ரீபெரும்புதூர் ஏரியை இழுத்து நீட்டிவிட்டது போல இருந்தது. இரண்டு பக்கமும் கரை, அக்கரையில் உழுது போட்ட நிலம். முதல் டீ இடைவேளையில் அவர்தான் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இங்க வா. கழனி நடுவுல கப்பல் போவுதுபா."

நானும் பார்த்தேன். நான் தூத்துக்குடியில் கப்பல் பார்த்தவன். அது கடலில், தூரத்தில், அசையாமல் நிற்கும். இது கைக்கெட்டும் தூரத்தில், எங்கள் ஷெட் நீளத்துக்கு, மாட்டு வண்டி வேகத்தில் போனது. முன்பக்கமெல்லாம் கரி குவித்திருந்தது. பின்பக்கம் ஒரு வீடு. சும்மா சொல்லவில்லை, வீடேதான். ஜன்னலுக்குத் திரை, வாசலில் பூத்தொட்டி, கொடியில் துணி. வீட்டுக் கூரை மேல் ஒரு கார் நின்றது.

எங்கள் ஊரில் அப்போது ஐப்பசி மழை. அங்கே இலை உதிர்கிற காலம். கரை மரங்களெல்லாம் மஞ்சளாகி, காற்றே இல்லாதபோதும் இலை விழுந்துகொண்டே இருக்கும். தண்ணீர் மேல் இலைகள் பாய் விரித்தது போல மூடியிருக்கும். கப்பல் வரும்போது அவை விலகி வழி விடும். போன பிறகு மெதுவாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு கப்பல் அந்த வழியாகப் போனதற்கு அடையாளமே இருக்காது.

அன்றிலிருந்து ஒவ்வொரு இடைவேளையும் அவருக்குக் கரைதான். காபி வேண்டாம், ரொட்டி வேண்டாம். கரி, ஜல்லி, கன்டெய்னர் என்று எது ஏற்றிக்கொண்டு வந்தாலும் கையை உயர்த்துவார். கப்பல் நேரே வந்ததும், வாயில் கையைக் குவித்து, "தூரமா?" என்று தமிழில் கத்துவார். மேலே நிற்பவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ, அவர்களும் ஏதோ சொல்லுவார்கள். "அப்டியா? சரி சரி, பாத்துப் போய்ட்டு வாங்க" என்பார்.

பக்கத்தில் சிகரெட் பிடிக்க வரும் அந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஓர் இளைஞன், கப்பல் இல்லாதபோதும் எங்களைக் கண்டால் கையைக் குவித்து, "தூ...ரமா!" என்பான். எனக்கு உடம்பெல்லாம் கூசும். இவர் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ரொம்ப தூரம்பா, கடலு தாண்டி" என்று பதில் சொல்வார். நான் காபி மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவரோடு வந்தவன் என்று தெரியக்கூடாது என்பது போல. அந்தக் கம்பெனியிலேயே கறுப்பாக இருந்தது நாங்கள் மூன்று பேர்தான்.

ஒருநாள் மத்தியானம் கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஜல்லி ஏற்றிய கப்பல் ஒன்று போனது. அடிக்கடி போகவும் வரவுமாக இருக்கும் கப்பல் அது. வயதான புருஷன், பெண்டாட்டி இரண்டே பேர். அந்தம்மாள் வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி பிடித்த கையாலேயே எங்களுக்குக் கையாட்டினார்.

"பாத்தியா தம்பி? வூட்டையே எடுத்துகினு போறாங்க. யாராண்டயும் வர்றேன்னு சொல்லவேணாம். வூடும் கூடவே வருது, சோறும் கூடவே வருது. எங்க நின்னா அதான் வூடு. குடுத்து வச்சவங்கபா."

"நமக்கெல்லாம் முடியுமாண்ணே?"

"நமக்கு எங்கபா..." என்றவர், தானாகவே பேசத் தொடங்கினார். "எனக்கு ஒரு அண்ணன் கீறான். கீறானோ இல்லியோ. நான் சின்னப் பையனா இருக்கசொல்ல, ஒரு நாள் சாப்ட்ட கைய கழுவிட்டு எழுந்து போனான். சொல்லிக்கல. பம்பாய்ல பாத்தேன்னான் ஒருத்தன், ஆந்திராவுல பாத்தேன்னான் இன்னொருத்தன். ஓடிப்போனவன் வூடுன்னுதான் எங்க வூட்டுக்குப் பேரு. பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட, இவன் தங்குவானா, இவனும் ஓடிப்பூடுவானான்னு கேட்டாங்கோ. எங்கம்மாவாண்ட இன்னிக்கும் நான் கொல்லைக்குப் போனாகூட 'வர்றேன்'னு சொல்லிட்டுப் போவணும். சொல்லலன்னா வாசல்ல வந்து நின்னுக்கும்."

நான் கப்பல் போன இடத்தில் இலைகள் மூடிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள். மறுநாள் காலை விமானம். பயிற்சி மத்தியானமே முடிந்துவிட்டது. இன்ஜினியர் சர்டிபிகேட் வாங்க ஆபீஸுக்குள் போனார். இவர் தன் பையிலிருந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்ததில் மீந்திருந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்தார்.

"தம்பி, வா. அந்த ஜல்லிக் கப்பல் மதகுல நிக்கிது. சொல்லிகினு வந்துரலாம்."

கம்பெனிக்குக் கொஞ்சம் தள்ளி, கால்வாயில் ஒரு மதகு. முன்னும் பின்னும் கதவை மூடித் தண்ணீரை விட்டால், கப்பல் அப்படியே மேலே ஏறிக் கரைக்குச் சமமாக வந்து நிற்கும். பிறகு முன்கதவைத் திறப்பார்கள். நாங்கள் போனபோது கப்பல் ஏறி நின்றிருந்தது. அவர் ஊறுகாயை அந்தம்மாளிடம் நீட்டினார். அந்தம்மாள் மூடியைத் திறந்து முகர்ந்து, கண்ணை அகல விரித்துச் சிரித்தார். இவர் கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா, ஐ கம். ஐ கம்" என்றார்.

அந்தம்மாள் திரும்பி வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னார். அந்தப் பெரியவர் கப்பலின் ஓரத்துக்கு வந்து, "கம்! கம்!" என்று கையை நீட்டினார்.

"கூப்புடுறாங்கபா."

"நீங்கதாண்ணே ஐ கம்னு சொன்னீங்க. கூட வாரேன்னு நெனச்சிட்டாக. வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க."

"நீட்டுன கைய எப்டிபா வேணான்றது?"

ஏறிவிட்டார். பார்த்துவிட்டு இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மணி அடித்தது. முன்கதவு திறந்தது. கப்பல் நகரத் தொடங்கியது.

"அண்ணே, இறங்குங்க! இறங்குங்கண்ணே!"

ஓர் எட்டு வைத்தால் கரை. அவர் கால் அந்த எட்டுக்காக முன்னால் வந்ததைப் பார்த்தேன். ஓரத்தில் நின்றது. பிறகு அதைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

நான் கரையோடு கூடவே நடந்தேன். அவர் கப்பலின் பின்பக்கம், பூத்தொட்டிகளுக்கு நடுவே போய் நின்றார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேலைக்குப் போக வேண்டியதில்லை, பஸ் பிடிக்க வேண்டியதில்லை, யாரும் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை என்பது போன்ற முகம். இரண்டு கைகளையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார்.

"நான் போறேம்பா! போறேன்!"

அக்கரையில் உழுது போட்ட நிலத்திலிருந்து பறவைகள் எழுந்து போயின. கரைப் பாதை ஒரு பாலத்தில் முடிந்துவிட்டது. கப்பல் வளைவில் திரும்பும்வரை அங்கே நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பெனிக்கு வந்தேன். இன்ஜினியர் வாசலில் நின்றார்.

"எங்கய்யா அவன்?"

"கப்பல்ல போயிட்டாரு சார்."

"போயிட்டாரா? ஏதோ ஷேர் ஆட்டோல போயிட்ட மாதிரி சொல்ற?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் தன் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார். இரண்டும் இருந்தன. அப்படியும் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். "ஓடிட்டான். என் வேலைக்கு உலை வச்சிட்டான்."

ஃபோர்மேன்தான் போன் செய்து விசாரித்து, காரை எடுத்துக்கொண்டு அடுத்த மதகுக்குப் போனார். விளக்கு போடும் நேரத்தில் கார் இவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது. கப்பலில் முக்காலி போட்டு உட்கார்ந்து அந்தம்மாளோடு உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாராம். ஃபோர்மேன் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டி, "ஐ கம்! ஐ கம்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருக்கு அது முதல் நாள் நடந்ததைப் போலவே ஒரு வேடிக்கை.

இன்ஜினியர் சிரிக்கவில்லை. "ஓடப் பாத்தியா?"

"இல்ல சார். வர்றேன்னு சொன்னத அவங்க தப்பா..." என்று தொடங்கியவர், இன்ஜினியருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

விமானத்தில் பக்கத்து சீட்டில்தான் இருந்தார். சென்னை வரும்வரை ஒரே ஒரு தடவை பேசினார். "ஏரி ரொம்பி வழியுதாம். வூட்ல சொன்னாங்க."

"சரிண்ணே" என்றேன்.

நாங்கள் வருவதற்கு முன்பே கதை ஒரகடம் வரைக்கும் வந்துவிட்டது. பஸ்ஸில் பின்சீட்டுப் பையன்கள் ஒரு புதுப் பாட்டே கட்டியிருந்தார்கள். அவர் ஊர்க்காரர் ஒருவர் கேன்டீனில், அவர் காதுபடவே சொன்னார்: "அண்ணங்காரன் ரயிலேறுனான். தம்பி கப்பலேறப் பாத்துகீறான். ரத்தம் எங்க போவும்?"

அந்த வாரமே விசாரணை. மேனேஜர் அறையில் அவரையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில் நின்றவர் நடந்ததைத் திரும்பச் சொன்னார்: சொல்லிக்கொள்ளப் போனேன், கூப்பிட்டார்கள், ஏறினேன், இறங்குவதற்குள் எடுத்துவிட்டார்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"நீ கரையில நின்னே. போகும்போது என்ன சொன்னான்?"

"யோசிச்சுச் சொல்லு. உனக்கும் வேலை இருக்கு" என்றார் இன்ஜினியர்.

பக்கத்தில் நின்றவருடைய வேலை, பெண்கள், வாசலில் வந்து நிற்கும் அம்மா எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

"வர்றேன்னு சொன்னாரு சார்."

"உனக்குத் தெளிவா கேட்டுதா?"

"கேட்டுச்சு சார். எப்பவும் சொல்றதுதானே சார்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டார். "ஆமாய்யா, இவன் பாத்ரூமுக்கே வர்றேன்னு சொல்ற ஆளாச்சே. போங்க, போய் வேலையப் பாருங்க."

அப்போது நான் அவர் பக்கம் திரும்பினேன். திரும்பியிருக்கக் கூடாது. நன்றியோ சிரிப்போ இருக்கும் என்று நினைத்திருந்தேன். குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டால் ஒரு மனிதன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தார். கேட்டிருக்காது, கப்பல் சத்தத்தில் காற்றோடு போயிருக்கும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்காதவன் பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லையே.

வேலை தப்பியது. பஸ் பழையபடி தாமதமாகக் கிளம்பியது. ஸ்டோரில் வர்றேம்பா, கேன்டீனில் வர்றேம்மா, கேட்டில் இரண்டு வர்றேன். என்னிடம் மட்டும் சொல்ல அவரால் முடியவில்லை. ஷிப்ட் முடியும்போது என் மெஷினைக் கடக்க வேண்டும். அந்த இடம் வந்ததும் குனிந்து ஷூ கயிற்றை இறுக்குவார், இல்லையென்றால் மேலே ஃபேனைப் பார்ப்பார். ஒருநாள் வாய்வரை வந்தது. "வ" என்றவர் இருமிக்கொண்டே போய்விட்டார்.

எனக்கு அதைவிடக் கூச்சம். அவர் நிம்மதியாக என் மெஷினைக் கடக்கட்டும் என்று, ஷிப்ட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே பாத்ரூமுக்குப் போய் நின்றுகொள்வேன். சாப்பிடும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். புது மெஷின் வந்து சேர்ந்தபோது, நாங்கள் இருவரும் சேர்ந்து ஓட்ட வேண்டிய மெஷின் அது, அவர் வேறு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்ஜினியருக்கு ஏன் என்று புரியவில்லை. "என்னய்யா, உன்னக் காப்பாத்துன பையன்யா அவன்" என்று சொன்னாராம்.

அடுத்த வருடம் ஒரகடத்தில் புதுக் கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. நான் அங்கே மாறிவிட்டேன். சம்பளம் கொஞ்சம் கூட என்று எல்லோரிடமும் சொன்னேன். பெரிதாக ஒன்றும் கூட இல்லை. அவருடைய பெரிய பெண் சடங்குக்கான பத்திரிகை பழைய பஸ் டிரைவர் மூலமாக வந்தது. என் பெயரை அவரே எழுதியிருந்தார். போகவில்லை. போய் என் கையை எங்கே வைத்துக்கொள்வது, எதைப் பார்த்துச் சாப்பிடுவது என்றே தெரியவில்லை.

அதற்கும் சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து வந்து சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் இறங்கி, ஒரகடம் போக ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். ஆள் நிரம்பட்டும் என்று வண்டி நின்றது. கடைசியாக ஏறியவர் அவர். எதிர்ச் சீட்டில் மட்டும்தான் இடம். என் முழங்காலும் அவர் முழங்காலும் இடித்தன. தலைமுடி நரைத்திருந்தது.

"நல்லா கீறியாபா?"

"நல்லா இருக்கேண்ணே. நீங்க?"

"இருக்கேம்பா."

வண்டி கிளம்பியது. ரோட்டை அகலப்படுத்துவதைப் பற்றி அவர் ஏதோ சொன்னார். நானும் ஏதோ சொன்னேன். பக்கத்தில் ஒரு பெண் மடியில் கீரைக் கூடையை வைத்துக்கொண்டு தூங்கினாள். லாரிகள் கடந்து போயின. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பேச வேண்டாம் என்று எனக்குள் வேண்டிக்கொண்டேன்.

"தம்பி, அன்னிக்கி..." என்று தொடங்கினார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலண்ணே" என்றேன்.

வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியேபா" என்றார் மெதுவாக. "பொண்ணு சடங்குக்கு ஏன் வரலன்னு கேக்க வந்தேன்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள், நான் எந்த நாளைச் சொன்னேன் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. அதன் பிறகு ஒரகடம் கூட்ரோடு வரும்வரை, இடித்துக்கொண்டிருந்த முழங்கால்களை நகர்த்திக்கொள்ள இடமில்லாமல், இரண்டு பேரும் கீழே எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.